மலைநாட்டில் குடும்பத்தோடு தங்க: பங்களாவா, ஹோட்டல் அறையா, டைம்ஷேரா?

நுவரெலியாவுக்குப் போகலாம் என்று வீட்டில் முடிவானதும் எல்லாரும் உடனே போனை எடுத்து விலை பார்க்கத் தொடங்குவோம். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் ஒரு தாளில் இரண்டு விஷயங்களை எழுதுங்கள்: யார் யார் வருகிறார்கள், தங்கும் இடத்திலேயே எத்தனை வேளை சாப்பிடப் போகிறீர்கள். பங்களாவா ஹோட்டலா என்பதற்குப் பாதிக்கு மேல் பதில் அந்தத் தாளிலேயே வந்துவிடும்.

சாப்பாட்டுக்கும் அறைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொழும்பிலிருந்து ஹட்டன் வழியாகவோ றம்பொடை வழியாகவோ வேனில் வந்தால் ஐந்து ஆறு மணித்தியாலம் போய்விடும், நடுவில் நீர்வீழ்ச்சிக்கு இறங்கி, பிள்ளைகளுக்கு வாந்தி வந்து, றம்பொடை ஆஞ்சநேயரைக் கும்பிட்டு வந்து சேரும்போது பின்னேரம் ஆகிவிடும். அடுத்த நாள் ஹோர்ட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்க்க வேண்டுமென்றால் விடியற்காலை நாலரை, ஐந்துக்கே கிளம்ப வேண்டும், ஏனென்றால் ஒன்பது பத்து மணிக்குப் பிறகு அங்கே மூட்டம் மூடிக்கொள்ளும், பள்ளத்தாக்குக்குப் பதிலாக வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அன்று பின்னேரம் ஹக்கல பூங்கா, சீதாஎலிய அம்மன் கோயில், கிரகரி வாவி. மூன்றாம் நாள் எல்ல, ஒன்பது வளைவுப் பாலம். இப்படி ஒரு பட்டியல் கையில் இருந்தால் நீங்கள் பங்களாவில் சாப்பிடப் போவது இரண்டு இரவுச் சாப்பாடுதான். அதற்காகப் பெரிய ஹால், சமையலறை, தோட்டம், கணப்படுப்பு எல்லாவற்றுக்கும் காசு கொடுப்பது வீண். ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு நகரத்துக்குள் சுத்தமான ஹோட்டல் அறை போதும். காலைச் சாப்பாட்டையும் அவர்களே பார்சல் கட்டித் தருவார்கள். முதல் நாள் இரவே சொல்லி வையுங்கள், பொலித்தீனில் சுற்ற வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், ஹோர்ட்டன் சமவெளி வாசலில் பையைத் திறந்து பார்த்து பிளாஸ்டிக்கை எடுத்துவிடுவார்கள்.

வேறு மாதிரிக் குடும்பமும் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மம்மா, கொழும்பிலிருந்து இரண்டு மாமா குடும்பம், கனடாவிலிருந்து சித்தி, ஆளுக்கு இரண்டு பிள்ளைகள். இவர்கள் வருவது உலக முடிவைப் பார்க்க அல்ல, ஒருவரையொருவர் பார்க்க. இந்தக் கூட்டத்தை ஹோட்டலில் ஐந்து அறைகளில் பிரித்துப் போட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்: எல்லாரும் ஒரே அறைக்குள் கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்து இரவு பன்னிரண்டு மணிக்குச் சிரிப்பார்கள், பக்கத்து அறைக்காரர் ரிசெப்ஷனுக்குப் போன் பண்ணுவார், மற்ற நாலு அறையும் சும்மா கிடக்கும். இவர்களுக்குப் பங்களாதான். வேறு யோசனையே வேண்டாம்.

அதிலும் தேயிலைத் தோட்டத்தை நிர்வகித்த துரைமார் குடியிருந்த துரை பங்களாக்கள் பல இப்போது வாடகைக்குக் கிடைக்கின்றன, பொகவந்தலாவைப் பக்கம், ஹப்புத்தளை, பண்டாரவளை, கந்தப்பளை என்று. எங்கள் பாட்டன்மார் வாசலோடு நின்று பேசிவிட்டுத் திரும்பிய அதே வீட்டின் ஹாலில் இன்று நாம் காசு கொடுத்துக் காலை நீட்டி உட்காரலாம். மலையகத்துக் குடும்பம் என்றால் அதற்காகவே ஒரு தடவை போகலாம் என்பது என் கட்சி. ஆனால் எல்லாத் துரை பங்களாவும் நம் கைக்கு எட்டாது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றி இருக்கிற ஆடம்பரப் பங்களாக்கள் வெளிநாட்டுப் பணக்காரர்களுக்கானவை, டொலரில்தான் விலை. நடுத்தரக் குடும்பத்துக்கு ஏற்றது, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கீப்பரும் சமையல்காரரும் இருக்கிற, நாலைந்து அறை கொண்ட சாதாரணப் பங்களா. அரசாங்கத் திணைக்களங்கள் தங்கள் அதிகாரிகள் தங்குவதற்கு வைத்திருக்கிற சர்க்கிட் பங்களாக்களையும் மறக்க வேண்டாம். குடும்பத்தில் யாராவது அந்தத் திணைக்களத்தில் வேலை செய்தால் வாடகை மிகவும் குறைவு, ஆனால் ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் பாடசாலை விடுமுறையில் அது கிடைப்பது குதிரைக் கொம்பு.

சரி, இப்போது விலை. ஹோட்டல்காரர் சொல்லும் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அதற்கு மேல் 18 சதவீத வற் வரியும் வரும், இன்னும் சில்லறை வரிகளும் ஒட்டிக்கொள்ளலாம். சும்மா ஒரு கணக்குக்கு, ஓர் அறை 22,000 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். சேவைக் கட்டணத்தோடு 24,200, வற் போட்டால் 28,556. நாலு அறைக்கு 88,000 என்று நினைத்துப் போகிறவர் 1,14,224 ரூபா கட்டிவிட்டு வருவார், அதுவும் ஓர் இரவுக்கு. பங்களா வாடகை பெரும்பாலும் மொத்தத் தொகையாகச் சொல்லப்படும், அதனால் பார்த்த உடனே பெரிதாகத் தெரியும். தலைக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்த பிறகு பேசுங்கள். எட்டுப் பேருக்கு மேல் என்றால் பங்களா மலிவாக வர வாய்ப்பு அதிகம். நாலு பேர் மட்டும் என்றால் ஹோட்டலில் ஓர் குடும்ப அறையைத் தாண்டி யோசிக்கத் தேவையில்லை.

ஆனால் பங்களாவில் வாடகையோடு கணக்கு முடியாது. சாப்பாட்டுச் சாமானை நீங்கள் வாங்கிக் கொடுக்கிறீர்களா, அவர்கள் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்களா? சமையல்காரருக்குத் தனிச் சம்பளமா? விறகுக்குக் காசா, ஹீட்டருக்கு நாள் வாடகையா? டிரைவர் எங்கே படுப்பார்? இந்தக் கேள்விகளை அட்வான்ஸ் போடும் முன்பே கேட்க வேண்டும், போய் இறங்கிய பிறகு கேட்டால் எல்லாவற்றுக்கும் ‘ஆமாம், தனி’ என்றுதான் பதில் வரும். சாமான் நீங்கள் வாங்குவதென்றால் அரிசி, பருப்பு, தூள் வகைகளை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். மரக்கறிக்குக் கவலையே இல்லை, லீக்ஸ், கரட், பீட்ரூட் எல்லாம் வழியிலேயே புதிதாகக் கிடைக்கும். வெள்ளிக்கிழமை மரக்கறி, பாட்டிக்குத் தனிச் சட்டி, குழந்தைக்குக் கஞ்சி என்று விதவிதமான தேவை உள்ள வீட்டுக்குச் சமையலறை கிடைப்பது பெரிய விடுதலை. ஹோட்டல்களில் வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டு வரக் கூடாது என்று பலகை போட்டிருப்பார்கள்.

கூட்டத்தில் சமைக்கிறது யார் என்பதையும் பேசிவிடுங்கள். சமையல்காரர் இல்லாத வீட்டை எடுத்துவிட்டு, அம்மாவும் அக்காவும் விடுமுறை முழுவதும் பன்னிரண்டு பேருக்குத் தோசை சுட்டுக்கொண்டிருந்தால் அது யாருடைய விடுமுறை? மிச்சம் பிடித்த காசு அவர்கள் முதுகில்தான் ஏறும். சமையல்காரர் இல்லையென்றால் ஹோட்டலுக்கே போங்கள், நான் கண்டிப்பாகச் சொல்லுவேன்.

குளிரை யாழ்ப்பாணத்துக்காரரும் மட்டக்களப்புக்காரரும் எப்போதும் குறைத்தே எடை போடுகிறார்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் விடியற்காலையில் புல்லில் உறைபனி படிகிற நாட்களும் உண்டு. பழைய பங்களாக்களில் கூரை உயரம், ஜன்னல் பெரிது, மெத்தையில் ஈரவாடை. படத்தில் அழகாக இருக்கிற கணப்படுப்பு ஹாலில் மட்டும்தான் எரியும், படுக்கை அறையில் இல்லை. சுடுதண்ணீர் சூரிய சக்தியில் ஓடுகிறதா, மின்சாரத்திலா என்று கேளுங்கள். சூரிய சக்தி மட்டும் என்றால் தொடர்ந்து இரண்டு நாள் மூட்டம் போட்டால் குளிக்க முடியாது, பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றால் நாலாவது ஆளோடு தண்ணீர் ஆறிவிடும். வயதானவர்கள், கைக்குழந்தை இருந்தால் இந்த ஒரு விஷயத்தில் ஹோட்டலுக்குத்தான் நம்பிக்கை அதிகம். அல்லது கொஞ்சம் இறங்கி எல்ல, பண்டாரவளைப் பக்கம் தங்குங்கள், அங்கே குளிர் பொறுக்கக்கூடியது.

பாதை அடுத்தது. ‘டவுனிலிருந்து ஏழு கிலோமீற்றர்’ என்று பங்களாக்காரர் சொல்வார், அது தோட்டப் பாதையில் ஏழு கிலோமீற்றர் என்பதைச் சொல்ல மாட்டார். பெரிய வேன் ஏறுமா, கடைசித் துண்டுக்கு முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டுமா, இரவில் பனிமூட்டத்தில் இறங்கி மருந்து வாங்கப் போக முடியுமா என்று விசாரியுங்கள். மழைக்காலத்தில் இது இன்னும் முக்கியம். மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாவின் மேற்குச் சரிவுகளில் மழை, ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் பலமாகப் பெய்யும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலைநாடு பட்ட பாடு எல்லாருக்கும் நினைவிருக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. போகிற இடத்தின் பெயர் அதில் இருந்தால், அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை, பயணத்தை நிறுத்துங்கள். மழைக்காலத்தில் போவதென்றே தீர்மானித்தால் பிரதான பாதையோரத்து ஹோட்டல்தான் சரி.

சிவனொளிபாதமலை ஏறுவதற்கு, அதாவது டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரையான பருவத்தில் போகிறவர்களுக்கு, இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். இரவு சில மணித்தியாலம் சாயவும் இறங்கி வந்து குளிக்கவும் மலையடிவாரத்து நல்லதண்ணியில் ஒரு சாதாரண அறை எடுத்தால் முடிந்தது.

இனி டைம்ஷேர். வெளிநாட்டில் இருக்கிற உறவினர் யாராவது ‘எங்களிடம் டைம்ஷேர் இருக்கிறது, இலங்கையிலும் மாற்றி எடுக்கலாம்’ என்று சொல்லியிருப்பார்கள். இது என்னவென்றால், ஒரு விடுமுறை வில்லாவில் வருடத்துக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை, அல்லது அதற்கு ஈடான புள்ளிகளை, முன்கூட்டியே பெரிய தொகை கொடுத்து வாங்கி வைப்பது. வில்லாவில் சமையலறை, இரண்டு மூன்று படுக்கை அறை, ஹால் எல்லாம் இருக்கும், குடும்பத்துக்கு வசதிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் வாங்கியதோடு செலவு முடியாது. போனாலும் போகாவிட்டாலும் வருடா வருடம் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும், அது கூடிக்கொண்டேதான் போகும். விற்கலாம் என்று நினைத்தால் வாங்கிய விலையில் சிறு பங்கு கிடைப்பதே பெரிய காரியம். வேறு நாட்டு வில்லாவோடு மாற்றிக்கொள்ள ஆர்சிஐ போன்ற பரிமாற்ற நிறுவனங்கள் உண்டு, அதற்கு உறுப்பினர் கட்டணமும் பரிமாற்றக் கட்டணமும் தனி. எல்லாரும் கேட்கிற ஏப்ரல் வாரம் நினைத்த உடனே கிடைத்துவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது.

எனக்கு இதில் உள்ள பெரிய குறை வேறு. வழமையான டைம்ஷேர் ஒரு முழு வாரக் கணக்கில் ஓடுவது. நம் குடும்பங்கள் மலைநாட்டுக்கு வருவது போயா தினத்தோடு சனி ஞாயிறைச் சேர்த்து மூன்று நாள், மிஞ்சினால் நாலு. புள்ளி முறையில் இரண்டு மூன்று இரவும் எடுக்கலாம் என்றாலும், வருடா வருடம் ஒரே ஊரையோ ஒரே பட்டியலையோ கட்டிக்கொண்டு இருப்பதற்கு நுவரெலியாவில் என்ன அவசியம்? தேவைப்படும்போது முழுப் பங்களாவையே வாடகைக்கு எடுக்க முடிகிற ஊரில், அதற்காக வருடங்களுக்கு முன்பே காசை முடக்க வேண்டியதில்லை. உறவினர் ஏற்கனவே வாங்கி வைத்திருக்கிறாரா, அவர் வாரத்தை நமக்குத் தருகிறாரா, தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கச் சொல்லி இலவச இரவுச் சாப்பாட்டோடு கூட்டத்துக்கு அழைத்தால், சாப்பிடலாம், கையெழுத்து மட்டும் அன்றைக்கே போட வேண்டாம். பிரித்தானியாவிலோ ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலோ கையெழுத்துப் போட்டிருந்தால் 14 நாளுக்குள், கனடாவின் ஒன்ராறியோவில் 10 நாளுக்குள், காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யச் சட்டம் இடம் தருகிறது. எழுத்திலேயே அனுப்புங்கள், போனில் சொன்னதற்கு ஆதாரம் காட்டுவது கஷ்டம்.

ஏப்ரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நுவரெலியாவில் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, கார்ப் பந்தயம் என்று ஒரே திருவிழா, அறை விலை இரட்டிப்புக்கு மேல் போகும், வாகனம் நகராது. அந்த நேரம் விலை பேசிப் பிரயோசனமில்லை, பல மாதத்துக்கு முன்பே பிடிக்க வேண்டும், இல்லையென்றால் வெலிமடை, ஹப்புத்தளைப் பக்கம் தங்கிவிட்டு ஒரு நாள் மட்டும் மேலே ஏறி வரலாம். டிசம்பர் 24, 31 இரவுகளில் பல ஹோட்டல்கள் விருந்துக்கென்று தலைக்கு ஒரு கட்டாயக் கட்டணம் வாங்கும், பிள்ளைகளுக்கும் சேர்த்து. கேட்டுவிட்டுப் போடுங்கள். கூட்டத்தில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரர் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், உள்ளூர் விலை அடையாள அட்டை உள்ளவர்களுக்குத்தான் என்று வாசலில் தகராறு வரும்.

அட்வான்ஸ் போடும் முன், அந்த இடம் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவானதா என்று அவர்களுடைய இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். பதிவில்லாத நல்ல இடங்களும் இருக்கின்றன, ஆனால் அப்படியானால் முழுக் காசையும் முன்னால் அனுப்ப வேண்டாம், கொஞ்சம் போட்டுவிட்டு மீதியைச் சாவி வாங்கும்போது கொடுங்கள். வீடியோ அழைப்பில் குளியலறையையும் கீழ்த்தளத்துப் படுக்கை அறையையும் காட்டச் சொல்லுங்கள். படியேற முடியாத அம்மம்மாவை மாடியில் போட்டால் யாருக்கும் நிம்மதி இருக்காது. கீப்பரின் நம்பரையும் வழியையும் ஒரு தாளில் எழுதி டிரைவரிடம் கொடுத்துவிடுங்கள், தோட்டத்துக்குள் திரும்பியதும் பல இடங்களில் சிக்னல் போய்விடும்.