டீலோஸ் பயணம்: காற்றைக் கணக்கில் கொள்ளாத திட்டங்கள்

கிரேக்கத் தீவுகளுக்குப் புறப்படும் நண்பர்கள் தங்கள் பயண அட்டவணையை எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதுண்டு. இந்த ஆண்டு வந்த நான்கு அட்டவணைகளில் மூன்றில், பதினோரு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறு சற்றும் மாறாமல் இருந்தது. அதையும் வேறு சில தவறுகளையும் இங்கே சொல்கிறேன். தொப்பி, தண்ணீர், காலணி பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

டீலோஸைக் கடைசி நாளுக்கு ஒதுக்குவது

அப்போலோ, ஆர்ட்டெமிஸ் என்னும் இரு தெய்வங்களும் பிறந்த இடம் என்று கிரேக்கர்கள் போற்றிய சிறு தீவு டீலோஸ். பாரசீகத்தை எதிர்க்க கி.மு. 478-இல் உருவான கிரேக்க நகர அரசுகளின் கூட்டணியின் பொதுக் கருவூலம், கி.மு. 454-இல் ஏதென்ஸுக்கு மாற்றப்படும்வரை இங்கேதான் இருந்தது. பக்கத்துத் தீவான மிக்கோனோஸிலிருந்து படகில் ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் போய்ச் சேரலாம் என்பதால், "அரை மணி நேரப் பயணம்தானே, கிளம்பும் நாளன்று காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். காலையில் டீலோஸ், மாலையில் ஏதென்ஸுக்கு விரைவுப் படகு, இரவில் ஊர் திரும்பும் விமானம் என்பது அவர்களுடைய திட்டம். நானும் அப்படித்தான் போட்டிருந்தேன்.

இத்திட்டத்தைக் குலைப்பது மெல்தெமி என்னும் வடகாற்று. ஆண்டுதோறும் தவறாமல் வருவதால் பழங்காலக் கிரேக்கர்கள் இதை 'ஆண்டுக்காற்று' என்று பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். பால்கன் பகுதியில் நிலைகொள்ளும் உயர் அழுத்தத்திற்கும், தென்னாசியப் பருவமழைக் காலத்தில் உருவாகி மேற்கே அனத்தோலியா வரை நீளும் தாழ்வழுத்தத்திற்கும் இடையில் எழும் இக்காற்று, ஜூலையிலும் ஆகஸ்டிலும் உச்சத்தை அடைகிறது. நம் ஊரில் ஆடிக்காற்று அம்மியை நகர்த்தும் அதே நாள்கள்தான் அவை. புதிதாகச் செல்பவர்களை ஏமாற்றுவது, இது வீசும்போது வானம் மேகமே இல்லாமல் தெளிந்திருப்பதுதான். மழை அறிகுறி ஏதும் இல்லாததால் கடலும் அமைதியாக இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். தொடங்கினால் சில மணி நேரத்தில் ஓயலாம், சில நாள்கள் நீடிக்கவும் செய்யலாம்.

காற்று குறிப்பிட்ட வலுவை எட்டியதும் துறைமுக அதிகாரிகள் கப்பல்களைத் தடுத்து நிறுத்துவார்கள். துறைமுகத்தில் 'அபகொரெஃப்திகோ' என்ற சொல் காதில் விழுந்தால் அந்தத் தடை வந்துவிட்டது என்று பொருள். பெரிய கப்பல்களுக்குப் பொதுவாக, காற்றின் வலுவைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் 8 வரம்பாகக் கொள்ளப்படும். விரைவுப் படகுகளும் சிறு படகுகளும் அதற்கு முன்பே நின்றுவிடும்.

எங்கள் கடைசி நாளன்று காலையிலேயே டீலோஸ் படகு ரத்தானது. என் தந்தை முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு கற்பித்தவர். அந்தப் பயணத்தில் அவர் கேட்டிருந்தது டீலோஸ் ஒன்றைத்தான். மேற்குக் கரையில் நின்றால் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் தீவு தெரிந்தது. அவர் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மாலையில் விரைவுப் படகும் நின்றது. அதற்கான கட்டணம் திரும்பக் கிடைத்தது. தனியாக வாங்கியிருந்த மூன்று விமானச் சீட்டுகளும் வீணாயின. பணத்தை மறந்துவிட்டேன், கரையில் அவர் நின்ற காட்சியை மறக்க முடியவில்லை. அதனால்தான் அதே அட்டவணையை இன்னொருவர் கையில் காணும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

மிக்கோனோஸில் இறங்கியதற்கு அடுத்த நாள் காலையையே டீலோஸுக்குக் கொடுங்கள். அன்று காற்று தடுத்தால் மறுநாள் இருக்கும், அதற்கு மறுநாளும் இருக்கும். விமானத்துக்கு முந்தைய இரவை ஏதென்ஸில் கழியுங்கள். அங்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்க ஆகும் செலவு, தவறவிட்ட விமானத்தின் விலையில் சிறு பங்குதான்.

சிங்கங்களைப் பார்த்ததும் திரும்பிவிடுவது

நக்சோஸ் தீவு மக்கள் காணிக்கையாக நிறுவிய சிங்கச் சிலைகளோடு படமெடுத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தில் படகுக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெளியில் நிற்பவை நகல்கள். மூலச் சிற்பங்கள் அருங்காட்சியகத்தில் உள்ளன. கி.மு. 166-இல் ரோமானியர்கள் டீலோஸைச் சுங்கமில்லாத் துறைமுகமாக்கிய பின் குவிந்த செல்வத்தை, அரங்கத்தைச் சுற்றியுள்ள வீடுகளில்தான் காண முடியும். சிறுத்தையின்மேல் அமர்ந்த மதுக்கடவுள் டயோனிசஸின் தரை ஓவியம் அங்குள்ள ஒரு வீட்டில் இருக்கிறது. 112 மீட்டர் உயரமுள்ள கின்தோஸ் குன்றின் மேல் நின்றால், சுற்றியுள்ள தீவுகள் டீலோஸை நடுவில் வைத்து வட்டமிட்டிருப்பது புரியும். குறைந்தது மூன்றரை மணி நேரம் தேவை.

துறைமுகத்தைக் குழப்பிக்கொள்வது

டீலோஸ் படகுகள் மிக்கோனோஸின் பழைய துறைமுகத்தில். ஏதென்ஸ் கப்பல்கள் பெரும்பாலும் தூர்லோஸ் புதிய துறைமுகத்தில்.

பிரேயஸை மட்டும் தேடுவது

ஏதென்ஸின் பெரிய துறைமுகமான பிரேயஸிலிருந்து மட்டுமல்ல, ரஃபீனா என்ற துறைமுகத்திலிருந்தும் மிக்கோனோஸுக்குக் கப்பல் உண்டு. ஏதென்ஸ் விமான நிலையத்துக்கு அதுவே அருகில்.

டீலோஸில் இரவு தங்க நினைப்பது

அனுமதி இல்லை.