கிளிப் நகர்ந்தது, பெயர் நின்றது

ஷாட்கட் என்ற காணொளித் தொகுப்பு மென்பொருளில் ஒரு நேர்காணலைத் தொகுத்தேன். நடுவில் ஒரு புகைப்படம் சேர்க்க, ரிப்பிளை (ஒரு கிளிப்பை, அதாவது காட்சித் துண்டை, நகர்த்தினால் பின்னால் உள்ளவற்றையும் சேர்த்து நகர்த்தும் வசதி) இயக்கிவிட்டு ஒரு பதிலின் கிளிப்பைச் சற்று வலப்புறம் இழுத்தேன். பின்னால் இருந்த கிளிப்புகளும் சமர்த்தாக நகர்ந்தன. மேல் தடத்தில் (டிராக்) இருந்த பெயர்ப்பட்டைகள் மட்டும் அசையவில்லை. ஒருவர் பேச, திரையில் இன்னொருவர் பெயர்! சாதாரண ரிப்பிள் அந்த ஒரு தடத்தோடு நின்றுவிடுகிறது.

எல்லாத் தடங்களுக்குமான ரிப்பிள் பொத்தானையும் அழுத்தியபின் யாவும் சேர்ந்தே நகர்ந்தன. பின்னணி இசை நகரக் கூடாது என்பதால் அந்தத் தடத்தைப் பூட்டினேன். பூட்டியதை ரிப்பிள் தொடாது.

நீக்கும்போதும் இதே கதைதான்: எக்ஸ் விசை இடைவெளியை மூடும், இசட் விசை அப்படியே விடும். ரிப்பிளை எந்நேரமும் இயக்கியே வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வேலை முடிந்ததும் அணைத்துவிடுகிறேன்.