எஸ்எம்பிஎஸ் மாத்தும்போது பழைய கேபிளை அப்படியே விடாதீங்க

போன வாரம் பக்கத்து வீட்டுத் தம்பி கம்ப்யூட்டர்ல எஸ்எம்பிஎஸ் (உள்ள எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கிற பெட்டி) போயிடுச்சுன்னு புதுசு வாங்கிட்டு வந்து தானே மாட்டிக்கிட்டு இருந்தான், நான் சும்மா எட்டிப் பார்த்தேன். பழைய பெட்டியை மட்டும் கழட்டிட்டு அதோட கேபிளையெல்லாம் கேபினெட்டுக்குள்ளேயே விட்டுட்டான், அதே கேபிளை எடுத்து புதுப் பெட்டியில சொருகப் போறான். "டேய் நிறுத்து!"ன்னு நான் போட்ட சத்தத்துல அவங்க அம்மா அடுப்படியில இருந்து ஓடி வந்துட்டாங்க. பத்து வருஷம் முன்னாடி இதையே செஞ்சு ரெண்டு ஹார்ட் டிஸ்க்கை எரிச்சவன் நான், எப்படிச் சத்தம் போடாம இருக்கிறது?

ப்ளக்கைப் புடுங்கிட்டு வேலை பாருங்க, ஸ்க்ரூவைத் தொலைக்காதீங்க, இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான், விட்டுடறேன். நிறைய பேர் செய்யுற தப்பை மட்டும் சொல்றேன்.

போனது எஸ்எம்பிஎஸ்தானான்னு பார்க்காம கடைக்கு ஓடுறது

முதல்ல பவர் கார்டை மாத்திப் பாருங்க, பெரும்பாலும் மானிட்டர் கார்டே அதுக்குச் சேரும். அதுக்கும் வரலைன்னா எஸ்எம்பிஎஸ்ஸை எல்லாத்துல இருந்தும் கழட்டிட்டு, ஸ்விட்ச் ஆஃப்ல இருக்கும்போதே மதர்போர்டுக்குப் போற பெரிய 24 பின் கனெக்டர்ல பச்சை வயரையும் ஒரு கருப்பு வயரையும் சின்னக் கம்பியால சேர்த்துட்டு ஆன் பண்ணுங்க. ஃபேன் சுத்துதுன்னு மட்டும் நம்பிடாதீங்க, மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தா 12 வோல்ட் லைன் 11.4ல இருந்து 12.6க்குள்ள நிக்கணும், 5 வோல்ட் லைன் 4.75ல இருந்து 5.25க்குள்ள.

பெட்டி மேல இருக்கிற வாட்ஸை நம்புறது

பக்கவாட்டு ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர்னு பாருங்க. 18 ஆம்பியர்னா அந்த லைன்ல கிடைக்கிறது 12 x 18 = 216 வாட்ஸ்தான், பெட்டியில 450னு கொட்டை எழுத்துல போட்டிருந்தாலும் சரி.

பழைய மாடுலர் கேபிளைப் புதுசுல சொருகுறது

இதுக்குத்தான் இவ்வளவு நேரம் எழுதிக்கிட்டு இருக்கேன். மாடுலர் எஸ்எம்பிஎஸ்ல கேபிள் தனியா கழண்டு வரும், அதனால கேபினெட்டுக்குப் பின்னாடி அழகா டை போட்டுக் கட்டி வச்ச கேபிளைத் திரும்ப இழுக்க யாருக்கும் மனசு வராது, எனக்கும் வரல. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல இருந்து புதுசு வாங்கிட்டு வந்தேன், டிஸ்க்குக்குக் கரண்ட் கொண்டு போற பழைய சாட்டா கேபிளோட 6 பின் முனை புதுப் பெட்டியில டக்குன்னு உட்கார்ந்துச்சு, உட்கார்ந்தா சரின்னு நினைச்சுட்டேன். ஸ்விட்ச் போட்ட ஒரு செகண்ட்ல 'டிக்'னு ஒரு சத்தம், அப்புறம் கருகின நாத்தம்.

விஷயம் என்னன்னா, டிஸ்க் பக்கம் இருக்கிற முனைக்குத்தான் பொதுவான அளவும் வரிசையும் இருக்கு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்கு அப்படி எதுவும் கிடையாது, ஒரு கம்பெனி 5 வோல்ட் வைக்கிற ஓட்டையில இன்னொரு கம்பெனி 12 வோல்ட்டை வச்சிருக்கும், ஏன் ஒரே கம்பெனியிலேயே ரெண்டு மாடலுக்கு நடுவுல மாறும். ப்ளாஸ்டிக் மட்டும் ஒரே மாதிரி பொருந்தும். தப்பா சொருகவே முடியாதபடி செஞ்சிருக்கலாம்ல? இத்தனை வருஷம் கழிச்சும் எனக்கு இதை நினைச்சா கோவம் வருது.

அதனால பழைய கேபிள் மொத்தமும் வெளிய, புதுப் பெட்டியோட வந்த கேபிள் மட்டும் உள்ள. கேபிள் எதோடதுன்னு சந்தேகம் வந்தா டிஸ்க் எதையும் மாட்டாம மேல சொன்ன மாதிரி எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் ஆன் பண்ணி, பழைய நாலு பின் மோலெக்ஸ் முனை இருந்தா அதுல அளந்து பாருங்க: மஞ்சள் வயர் ஓரம் 12, சிவப்பு வயர் ஓரம் 5, நடுக் கருப்பு ரெண்டும் கிரவுண்டு. எல்லா வயரும் ஒரே கலர்னா இப்படிக் கண்டுபிடிக்க முடியாது, அந்தக் கேபிளை விட்டுடுங்க. அந்தக் கேபிள் சரின்னா அது மட்டும்தான் சரி, ஒவ்வொரு கேபிளையும் தனித்தனியாத்தான் பார்க்கணும். அந்தத் தம்பிகிட்ட பழைய கேபிளையெல்லாம் ஒரு கவர்ல போட்டு, மேல பழைய மாடல் நம்பரை எழுத வச்சுட்டுத்தான் வந்தேன்.

8 பின் கேபிள் முனையை அழுத்தித் திணிக்கிறது

சிபியூவுக்குப் போற 8 பின் வேற, கிராபிக்ஸ் கார்டுக்குப் போற 8 பின் வேற. போகலைன்னா விட்டுடுங்க.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்க்கிறது

வேண்டாம். ப்ளக்கைப் புடுங்கின அப்புறமும் உள்ள பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம்.

ஏற்கனவே எரிஞ்சிடுச்சுன்னா

திரும்பத் திரும்பப் பவர் குடுத்துப் பார்க்காதீங்க. நிறைய ஹார்ட் டிஸ்க் போர்டுல 5 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் ஆளுக்கொரு பாதுகாப்பு டயோடு இருக்கும், வோல்ட்டேஜ் ஏறினா அது ஷார்ட் ஆகி அடியைத் தான் வாங்கிக்கும். அது மட்டும் போயிருந்தா விவரம் தெரிஞ்ச டெக்னீஷியன் அதை எடுத்துட்டு டேட்டாவை காப்பி பண்ணித் தந்துடுவார். அதே மாடல் போர்டு வாங்கி மாத்திக்கலாம்னு நினைக்காதீங்க, இப்போ வர்ற டிஸ்க்ல அந்தந்த டிஸ்க்குக்குன்னு செட் பண்ணின விவரம் போர்டுல ஒரு சின்னச் சிப்புல இருக்கு, அதையும் எடுத்துப் புதுப் போர்டுல சால்டர் பண்ணணும்.

என்னோட ரெண்டுல ஒண்ணு அப்படித்தான் திரும்ப வந்துச்சு, அப்பா பேசுற வீடியோ அதுல இருந்துச்சு. அக்கா கல்யாண போட்டோ இன்னொன்னுல.