ஒரே ஜிசெல், பல நடனமணிகள்: பாலே பார்க்கப் பழகும் முறை

மேற்கத்திய நடன நாடகமான பாலேயின் ரசனைக்குள் புதிதாக வருகிறவர்கள் இன்று ஸ்வான் லேக், அடுத்த வாரம் நட்கிராக்கர், அதற்கடுத்து வேறொன்று என்று ஓடி ஓடிப் பார்க்கிறார்கள். பத்து நாடகங்களைப் பார்த்து முடித்த பிறகு பத்துக் கதைகள் தெரிந்திருக்கும்; ஆனால் ஒரு நடனமணிக்கும் இன்னொருவருக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நானும் தொடக்க ஆண்டுகளை அப்படித்தான் கழித்தேன். ஒரே நாடகத்தை எடுத்துக்கொண்டு, அதே பாத்திரத்தில் குறைந்தது ஐந்து கலைஞர்களைப் பார்க்க வேண்டும் என்பது அதன் பிறகு எனக்குப் பிடிபட்ட வழி. அசைவுகள் மாறாமல் இருக்கும்போதுதான் ஆடுகிறவர் யார் என்பது கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். இதற்கு ஜிசெல்லை விடப் பொருத்தமான நாடகம் எனக்குத் தெரியவில்லை.

1841 ஜூன் 28 அன்று பாரிஸில் அரங்கேறிய இந்த நாடகத்துக்கு இசையமைத்தவர் அதோல்ஃப் அதாம். முதல் ஜிசெல்லாக ஆடியவர் கார்லோட்டா கிரிசி. கதை எளியது. நடனத்தில் தீராத ஆசையும் பலவீனமான இதயமும் கொண்ட கிராமத்துப் பெண் ஜிசெல், தன்னைப் போன்ற எளியவன் என்று நம்பி ஒருவனைக் காதலிக்கிறாள். அவன் உண்மையில் ஆல்பிரெக்ட் என்னும் பிரபு. அவனுக்கு ஏற்கெனவே வேறொரு பெண் நிச்சயிக்கப்பட்டிருக்கிறாள். உண்மை வெளிப்படும்போது ஜிசெல் சித்தம் கலங்கி இறந்துபோகிறாள். இரண்டாம் அங்கத்தில், காதலால் ஏமாற்றப்பட்டு இறந்த கன்னியரின் ஆவிகளான விலிகள், தங்கள் கையில் சிக்கும் ஆண்களைச் சாகும்வரை ஆடவைக்கின்றன. தானும் விலியாகிவிட்ட ஜிசெல்லோ, விடியும்வரை ஆல்பிரெக்டுக்குத் துணையாக ஆடி அவனைக் காப்பாற்றுகிறாள்.

கதையைத் தெரிந்துகொண்டதும் அடுத்துக் கற்க வேண்டியது கை முத்திரைகளை. தலைக்கு மேல் இரு கைகளும் ஒன்றையொன்று சுற்றினால் ஆட்டம். மோதிர விரலைத் தொட்டுக் காட்டினால் திருமணம். இரு விரல்களை உயர்த்தினால் சத்தியம். மூடிய இரு கைகளும் மணிக்கட்டில் குறுக்காகக் கீழிறங்கினால் மரணம். முதல் அங்கத்தில் ஜிசெல்லின் தாய் விலிகளைப் பற்றி எச்சரிக்கும் பகுதி முழுவதும் இந்தக் கைகளால் சொல்லப்படுவதுதான். இவை தெரியாதவருக்கு அது வெறும் காத்திருப்பு. தெரிந்தவருக்கு நாடகத்தின் பிற்பகுதி முழுவதும் அங்கேயே சொல்லப்பட்டுவிடுகிறது. பரதத்தின் அபிநயத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கடினமன்று. இந்த இரண்டு கலைகளுக்கும் இடையே நேரடித் தொடர்பும் உண்டு: ஜிசெல்லாக ஆடிப் புகழ்பெற்றவர்களுள் ஒருவரான அன்னா பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டியிடம்தான், பரதத்துக்கு வருவதற்கு முன்பு, ருக்மிணி தேவி பாலே பயின்றார்.

முதல் அங்கத்தில் கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். தனி நடனத்தில், ஜிசெல் இடது காலின் விரல் நுனியில் குதித்துக்கொண்டே மேடையைக் குறுக்காகக் கடக்கும் இடம் ஒன்று உண்டு. அரங்கமே அந்தப் பாதத்தை உற்றுப் பார்க்கும். அப்போது நீங்கள் முகத்தைப் பாருங்கள். சிலர் பார்வையாளர்களுக்காகப் புன்னகைக்கிறார்கள். சிலர் தாயை நோக்கிப் பெருமிதம் கொள்கிறார்கள். மிகச் சிலர் மட்டுமே, இந்தப் பெண்ணின் இதயம் பலவீனமானது என்பதை அந்த மகிழ்ச்சிக்குள்ளும் மறக்காமல் ஆடுகிறார்கள். அந்த மிகச் சிலரைத் தேடுவதே நம் வேலை.

சித்தம் கலங்கும் காட்சிக்கு முன், தொடக்கத்தில் வரும் மலர்க் காட்சியை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அவன் தன்னை நேசிக்கிறானா இல்லையா என்று ஜிசெல் ஒரு மலரின் இதழ்களைப் பிய்த்துப் பார்க்கும்போது ஒலித்த அதே இசை, அவள் நிலைகுலைந்த பிறகு சிதைந்து திரும்ப வருகிறது. அவளும் வெறுங்கையில் இல்லாத இதழ்களைப் பிய்க்கிறாள். கூந்தல் அவிழ்ந்து கிடக்க, கீழே கிடந்த வாளை எடுத்து அதன் முனை தரையில் உரசுமாறு இழுத்துச் செல்கிறாள். இந்தச் சில நிமிடங்களைப் பதிவுகளில் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 1956இல் மாஸ்கோவின் பொல்ஷோய் பாலே குழு லண்டனுக்கு வந்தபோது படமாக்கப்பட்ட கலினா உலானோவாவுக்கு அப்போது வயது 46. அவர் ஆர்ப்பரிப்பதில்லை, உள்ளே ஒரு விளக்கு அணைந்ததுபோல அடங்கிப்போகிறார், அந்த அடக்கத்தில் வயது மறைந்து ஒரு சிறுபெண் நிற்கிறாள். 1969 படத்தில் கார்லா ஃப்ராச்சி வேறொரு வழியில் செல்கிறார். கேமரா அருகில் வருவதால் கண்களிலேயே பாதி நடிப்பு முடிந்துவிடுகிறது.

ஒப்பிடுவதற்கு மிக உதவியானவை லண்டன் ராயல் பாலேயின் இரண்டு பதிவுகள்: 2006இல் அலினா கொஜோகாரு, 2014இல் நட்டாலியா ஒசிப்போவா. இரண்டும் நடன இயக்குநர் பீட்டர் ரைட்டின் ஒரே தயாரிப்பு என்பதால் உடை, ஒளி, நகர்வு எதுவும் பெரிதாகக் குறுக்கிடாது. மாறுவது ஆள் மட்டுமே. கொஜோகாரு கைபட்டால் உடைந்துவிடும் கண்ணாடிபோல் இருக்கிறார். ஒசிப்போவாவிடம் தொடக்கத்திலிருந்தே ஒரு காட்டுத்தனமான உயிர்ப்பு இருக்கிறது. அந்த உயிர்ப்புதான் பிறகு அவரைக் குலைக்கிறது. இந்தத் தயாரிப்பில் ஜிசெல் இதயம் நின்று சாவதில்லை, அந்த வாளால் தன்னைக் குத்திக்கொள்கிறாள். தற்கொலை செய்துகொண்டவர்களைத் தேவாலய நிலத்தில் புதைக்காத வழக்கம் இருந்ததால், அவள் கல்லறை தேவாலய வளாகத்தில் இல்லாமல் காட்டில் இருப்பதற்கான காரணமும் இதனால் விளங்கிவிடுகிறது.

இரண்டாம் அங்கத்துக்கு இருக்கை முக்கியம். முதல்முறை நேரில் பார்ப்பவர் மேல்மாடத்தில் அமர்வது நல்லது. கட்டணமும் குறைவு, விலிகளின் வரிசைகளும் முழுமையாகத் தெரியும். அவர்களின் அரசி மிர்தா, முக்காட்டுடன் விரல் நுனிகளில் மிகச் சிறிய அடிகளை எடுத்துவைத்து மேடையைக் கடக்கும்போது, பாவாடைக்குக் கீழே கால்கள் இருப்பதே தெரியாமல் வழுக்கிச் செல்ல வேண்டும். பின்பு விலிகள் இரு பக்கங்களிலிருந்தும், ஒரு காலைப் பின்னால் உயர்த்தியபடி, ஒற்றைக் காலில் சிறு சிறு குதிப்புகளாக எதிரெதிரே வந்து ஒருவரையொருவர் ஊடுருவிக் கடக்கிறார்கள். அப்போது பெரும்பாலும் கைதட்டல் எழும். நீங்கள் தட்டாமல் காதைக் கொடுத்துக் கேளுங்கள்: நல்ல குழுவில் அத்தனை காலணிகளும் சேர்ந்து ஒரே மெல்லொலியாகக் கேட்கும். அந்த ஒலியைக் குறைப்பதற்காகவே கலைஞர்கள் புதுக் காலணியின் முனையைச் சுவரிலும் தரையிலும் அடித்துப் பதப்படுத்துகிறார்கள்.

வயலினை விடச் சற்றுப் பெரிய வயோலா தனித்து ஒலிக்கத் தொடங்கியதும் இருவர் நடனம் வருகிறது. ஜிசெல் எவருடைய பிடியும் இல்லாமல் நின்று, ஒரு காலை மெல்ல மெல்லப் பக்கவாட்டில் உயர்த்துகிறாள். இங்கே உயரத்தை அளக்காதீர்கள். கால் எங்கே போய் நிற்கிறது என்பதை விட, அது நின்றுவிட்டது என்று நமக்குத் தோன்றிய பிறகும் நீண்டுகொண்டே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 1977இல் நியூயார்க்கில் மிகயில் பரிஷ்னிகோவுடன் நட்டாலியா மகாரோவா ஆடிய பதிவில் இந்த மெதுமையைக் காணலாம். வேறு யாருடைய ஆட்டத்தைப் பார்த்தாலும் என் மனம் அதனோடுதான் ஒப்பிடுகிறது.

பதிவில் கிடைக்காத ஆட்டங்களையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும், ஏனென்றால் பார்ப்பவற்றின் பின்னால் அவை நிற்கின்றன. கியூப நடனமணி அலிசியா அலோன்சோ கண் அறுவை சிகிச்சைக்குப் பின் நெடுநாள் அசையாமல் படுத்திருந்தபோது, படுக்கையில் விரல்களாலேயே ஜிசெல்லை ஆடிப் பழகினார். 1943 நவம்பர் 2 அன்று, உடல்நலம் குன்றிய அலிசியா மார்கோவாவுக்குப் பதிலாக நியூயார்க்கில் அந்தப் பாத்திரத்தை ஏற்றார். பிற்காலத்தில் பார்வை பெரிதும் மங்கிய நிலையிலும், மேடை விளக்குகளை அடையாளமாகக் கொண்டு ஆடினார். 1962 பிப்ரவரி 21 அன்று லண்டனில் மார்கோட் ஃபோன்டெய்னும் ருடால்ஃப் நூரியெவும் முதன்முதலாக இணைந்து ஆடியதும் ஜிசெல்தான்; ஃபோன்டெய்னுக்கு 42 வயது, நூரியெவுக்கு 23. ஆட்டம் முடிந்ததும் ஃபோன்டெய்ன் ஒரு ரோஜாவை எடுத்துக் கொடுக்க, நூரியெவ் மண்டியிட்டு அவர் கையை முத்தமிட்டார்.

பார்த்து முடித்ததும், விமர்சனம் எதையும் படிப்பதற்கு முன்பாக, அன்றிரவே எழுதிவிடுங்கள். நடிகர் பட்டியல் அச்சிட்ட தாளின் பின்பக்கமே போதும். "அருமை", "அற்புதம்" என்று எழுதினால் ஓராண்டுக்குப் பின் அதில் ஒன்றும் மிஞ்சாது. கை எங்கே இருந்தது, தலை எந்தப் பக்கம் திரும்பியது, இசைக்கு முன்பா பின்பா என்று எழுதுங்கள். இரண்டாம் அங்கத்தில் ஜிசெல் தாவிச் செல்லும்போதே லில்லி மலர்களைத் தோளுக்குப் பின்னால் வீச, ஆல்பிரெக்ட் அவற்றைப் பிடிப்பது வழக்கம். ஓரிரவு அவர் பிடிக்கத் தவறினார். இசை ஓடிக்கொண்டிருக்க, அவர் குனிந்து, தரையில் சிதறிய மலர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மார்போடு சேர்த்துக்கொண்டு, அவள் மறைந்த திசையைப் பார்த்து நின்றார். அன்றைய தாளில் நான் எழுதியிருப்பது ஒரே வரி: "மூன்றாவது மலரை எடுக்கும்போது கை நடுங்கியது."