121-ஆவது பிள்ளை: தொடக்கப்பள்ளி நெரிசலில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூனில் பள்ளி திறக்கும்போதே குமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வந்துவிடுகிறது. அறையில் இடம் போதாமல் வராந்தாவில் படிக்கும் பிள்ளைகள் சாரலில் நனைகிறார்கள். அதைக் கண்டதும் நாம் வகுப்பு ஆசிரியரிடம் சண்டைக்குப் போகிறோம். அவர் என்ன செய்வார்? ஆசிரியர் பணியிடத்தை முடிவு செய்வது பதிவேட்டில் இருக்கும் பெயர்களின் எண்ணிக்கை.

கல்வி உரிமைச் சட்டம் 2009 தொடக்கப்பள்ளிக்குத் தெளிவான கணக்கு சொல்கிறது. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 90 வரை 3, 120 வரை 4, அதற்கு மேல் 200 வரை 5. எண்ணிக்கை 150-ஐத் தாண்டினால் தலைமையாசிரியர் தனி. ஆகவே 120 பேர் படிக்கும் பள்ளியில் ஐந்து வகுப்புகளுக்கு நான்கு ஆசிரியர்கள்தான். இன்னும் ஒரே ஒரு பிள்ளை சேர்ந்தால் ஐந்தாவது ஆசிரியரைக் கேட்கும் உரிமை வந்துவிடுகிறது.

நம் ஊருக்கே உரிய தவறு இங்கேதான் நேர்கிறது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கட்டுக் கோயில் சரஸ்வதி சிலையைத் திருவனந்தபுரத்துக்கு வழியனுப்பும் மாவட்டம் இது. விஜயதசமியன்று ஏடு தொடங்குவது பல குடும்பங்களுக்கு உயிரான வழக்கம். அந்த நாளுக்காக ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையையே தள்ளிவைப்பவர்கள் உண்டு. ஆடி கழியட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் பணியிட நிர்ணயத்துக்கு ஆகஸ்ட் 1 நிலவரமே அடிப்படை. பிறகு வரும் பிள்ளையைப் பள்ளி சேர்த்துக்கொள்ளும். அந்த ஆண்டின் கணக்கில் மட்டும் அந்தப் பெயர் இருக்காது. விஜயதசமிக்குக் கோயிலில் அரிசியில் எழுத வையுங்கள், மகிழ்ச்சி. பெயரை ஜூனிலேயே பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள்.

நல்ல பெயர் எடுத்த ஒரே பள்ளிக்கு எல்லோரும் ஓடுவதும் நெரிசலுக்குக் காரணம். வீட்டருகே இருக்கும் சிறிய பள்ளிக்குள் ஒருமுறையாவது போய்ப் பார்க்காமல் அதை ஒதுக்காதீர்கள்.

எனக்கு மிகவும் வலிப்பது வேறொன்று. செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்த வெளிமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளால்தான் கூட்டம் என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் அதே சட்டம், அதே உரிமை. வயதுச் சான்று இல்லை, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்று சொல்லி யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. மேலும், அவர்கள் சேர்வதால்தான் நம் பிள்ளைகளுக்கும் இன்னொரு ஆசிரியர் கிடைக்கலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோரே. அந்தக் கூட்டத்தைக் கையெழுத்துச் சடங்காக முடித்துவிடாதீர்கள். "இடம் இல்லை" என்று பொதுவாக எழுதும் மனு நகராது. வகுப்புவாரியாக எத்தனை பேர், எத்தனை அறைகள், எத்தனை ஆசிரியர்கள், மழையில் எந்த வகுப்பு வெளியே இருக்கிறது என்று எழுதுங்கள். ஆசிரியர் ஒருவருக்கு ஓர் அறையாவது வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது, அதையும் சேருங்கள். குழுவின் தீர்மானத்தை இணைத்து வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுங்கள். பதில் வராவிட்டால் நாகர்கோவிலில் ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.