தொட்டிக் கரியை பி.பி.யில் கலப்பதற்கு முன்

காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்த் தொட்டியை (சிரட்டையை) சுட்டு எடுக்கும் கரி பெரும்பாலும் ஆக்டிவேட்டட் கார்பன் ஆலைகளுக்குப் போகிறது. அதையே தூளாக்கி, டால்குக்கு (மாக்கல் தூளுக்கு) பதிலாக பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக்கில், கடைப் பேச்சில் பி.பி.யில், ஃபில்லராக, அதாவது நிரப்புத் தூளாகப் போடலாமா? போடலாம். டால்கின் அடர்த்தி ஏறக்குறைய 2.7, தொட்டிக் கரித்தூள் 1.5 பக்கம்தான். பொருள் இலேசாகும், விறைப்பும் ஏறும். சொதப்பல் பெரும்பாலும் மூட்டை வாங்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது: கரி என்றால் கரிதானே என்ற நினைப்பு.

ஒரே தொட்டியை 400 டிகிரியில் சுட்டால் ஒரு சரக்கு, 700-ல் சுட்டால் வேறு சரக்கு. குழியில் சுட்ட கரி என்றால் இரண்டும் ஒரே மூட்டையில் கிடக்கும். அரைகுறையாக வெந்த துண்டில் தார் தங்கியிருக்கும். பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் எக்ஸ்ட்ரூடர் இயந்திரம் 200 டிகிரியைத் தொட்டதும் அது ஆவியாகி வெளியேறப் பார்க்கும்; பட்டறை முழுக்கப் புகை வாடை. வாங்குமுன் ஒரு சின்னச் சோதனை போதும். கண்ணாடிச் சோதனைக் குழாயில் ஒரு சிட்டிகைத் தூளைப் போட்டு, அடிப்பாகத்தை மட்டும் தீயில் காட்டுங்கள். மேலே குளிர்ந்த பகுதியில் மஞ்சளும் பழுப்புமாகப் பிசுக்கு படிந்தால் அந்த மூட்டை வேண்டாம். வெறும் நீர்த்துளி என்றால் அது ஈரம், காய வைத்துக்கொள்ளலாம்.

ஈரத்தைத்தான் பலரும் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். கரியின் நுண்துளைகள் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். 105 டிகிரி ஓவனில் வைத்து, அடுத்தடுத்து இரண்டு முறை நிறுத்தால் ஒரே எடை வரும் வரை காய வையுங்கள். அப்புறம் சூடாக நேரே ஹாப்பருக்கு, அதாவது இயந்திரத்தில் சரக்கைக் கொட்டும் வாய்க்கு. காய்ந்த தூளைத் திறந்த தட்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் பாதி வேலை வீண். ஈரம் மிஞ்சியதா என்று இயந்திரமே சொல்லும்: டை என்ற அச்சுத் துளையிலிருந்து வரும் இழை நடுவில் அறுபடும், வெட்டிய குருணை இட்லியைப் போலத் துளை துளையாக இருக்கும், மோல்டிங்கில் வெள்ளிக் கோடு விழும்.

புதிதாகச் சுட்ட கரியை உடனே அரைத்து மூட்டை கட்டாதீர்கள். ஆக்சிஜனை இழுத்துத் தானே சூடேறித் தீப்பிடிக்கும் குணம் அதற்கு உண்டு. ஆறவிட்டு அரையுங்கள். அரைக்கும் இடத்தில் தூசு மிதந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும்.

மரத்தூள் கலவைக்கான ஃபார்முலாவை அப்படியே எடுத்துப் போடுவது இன்னொரு தவறு. மரத்தூளுக்கு மாலெயிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பி.பி.யைக் கப்ளிங் ஏஜென்டாக, அதாவது தூளையும் பிளாஸ்டிக்கையும் பிணைக்கும் பொருளாகச் சேர்ப்பார்கள். மரத்தின் ஹைட்ராக்சில் குழுக்களை அது பிடித்துக்கொள்ளும். நன்றாக வெந்த கரியில் அந்தக் குழுக்கள் பெரும்பாலும் எரிந்து போயிருக்கும். அங்கே பிடிப்பு வேறு வகை: உருகிய பி.பி. துளைக்குள் புகுந்து இறுகிக்கொள்கிறது. ஏஜென்ட் போட்டும் போடாமலும் ஒவ்வொரு பேட்ச் ஓட்டிப் பாருங்கள். பலன் தெரியாவிட்டால் காசு மிச்சம்.

200 மெஷ், அதாவது 75 மைக்ரான் சல்லடையில் சலிக்காத தூளில் பெரிய துணுக்குகள் தங்கும். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். உமிக் கரி மலிவு என்று தாவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் சிலிகா சாம்பல் மிக அதிகம், எக்ஸ்ட்ரூடரின் ஸ்க்ரூவையும் அது சுழலும் பேரலையும் தேய்த்துவிடும்.

30 சதவீதம் போட்டு, வளைத்துப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கு" என்று சந்தோஷப்படுகிறவர்கள் அதைக் கீழே போட்டுப் பார்ப்பதில்லை. விறைப்பு ஏற ஏறப் பொதுவாக மோதலைத் தாங்கும் சக்தி இறங்கும். பூந்தொட்டிக்குச் சரி, சுமை தூக்கும் கிரேட்டுக்கு (பிளாஸ்டிக் பெட்டிக்கு) இம்பாக்ட் சோதனை, அதாவது மோதல் சோதனை, செய்யாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

'மக்கும் பிளாஸ்டிக்' என்று லேபிள் ஒட்டவே ஒட்டாதீர்கள். கரி கலந்ததால் பி.பி. மக்காது. ஐரோப்பாவுக்கு அனுப்பும் பொருளில் கை அடிக்கடி படும் பகுதி இருந்தால், தாரோடு வரும் பல்வளைய ஹைட்ரோகார்பன்கள் (PAH) என்ற நச்சுச் சேர்மங்களில் 8 வகைகளுக்கு அங்கே தலா கிலோவுக்கு 1 மில்லிகிராம்தான் வரம்பு. பொம்மை என்றால் அதிலும் பாதி. நீலம், பச்சை கேட்கும் வாடிக்கையாளரிடம் ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள், கறுப்பு மட்டும்தான் வரும் என்று.