வலிக்கு தைலம், சூரணம், மஞ்சள் மாத்திரை: நம்ம வீடுகள்ல நடக்கிற தப்புகள்

ஊட்டி போயிட்டு வந்த எந்த வீட்டுக்குப் போனாலும் மூணு ஐட்டம் இருக்கும். வர்க்கி, டீத்தூள், தைல பாட்டில். வர்க்கி ரெண்டு நாள்ல காலி, தைலம் மட்டும் வருஷக்கணக்கா ஷெல்ஃப்ல உக்காந்திருக்கும், எண்ணெய் வழிஞ்சு லேபிள் எல்லாம் அழிஞ்சு போய், எது யூகலிப்டஸ் எது விண்டர்கிரீன்னு மூடியத் திறந்து மோந்து பாத்தாதான் தெரியும்ங்கிற நிலைமைல. எங்க வீட்ல அது இருந்த இடம் எது தெரியுமா, பாப்பாவோட இருமல் சிரப்புக்குப் பக்கத்துல.

முதல் தப்பு அதான். விண்டர்கிரீன் எண்ணெய்ங்கிறது நீலகிரில வளர்ற ஒரு புதர்ச்செடி இலைல இருந்து வடிக்கிறது, அதுல ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட்ங்கிற ஒரே சமாச்சாரம்தான். வெளிநாட்டுல வில்லோ மரப்பட்டைய வலிக்கு கஷாயம் வச்சு குடிச்சாங்கள்ல, அதுல இருந்த சாலிசின்ல ஆரம்பிச்ச கதைதான் 1897ல பேயர் கம்பெனில ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் ஆஸ்பிரின் தயாரிச்சதுல வந்து முடிஞ்சுது. மெத்தில் சாலிசிலேட்டும் அதே குடும்பம், ஆஸ்பிரினுக்கு அண்ணன் தம்பி மாதிரி வச்சுக்கோங்க. ஆனா ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, சுத்தமான எண்ணெய் உள்ள போனா அது சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்கு சமம், 325 மில்லிகிராம் மாத்திரைல கணக்கு போட்டா இருபதுக்கு மேல வருது. சின்னப் புள்ளைக்கு அந்த ஒரு ஸ்பூனே உயிருக்கு ஆபத்து. தப்பித்தவறி குடிச்சிருச்சுன்னா உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கிற வேலையெல்லாம் பண்ணாதீங்க, பாட்டிலையும் கையோட தூக்கிட்டு நேரா ஆஸ்பத்திரி. யூகலிப்டஸ் தைலத்துக்கும் இதே ரூல்தான், குடிச்சா குழந்தைக்கு ஃபிட்ஸ் வரும்.

சரி, குடிக்கல, தடவத்தான் செய்றோம்னு சொல்வீங்க. தடவுறதுலயும் இருக்கு. முட்டில தைலத்தை அழுத்தித் தேச்சுட்டு மேல துணிய இறுக்கிக் கட்டி ஹீட்டிங் பேடையும் வச்சா சூட்டுக்கு எண்ணெய் தோல் வழியா நிறைய உள்ள இறங்கும், தோலும் பொசுங்கும். ஹார்ட் வால்வு மாத்தி, ரத்தம் கட்டாம இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுறவங்க இதை தினமும் உடம்பு பூரா தேச்சுக்கிறாங்கன்னா அது இன்னும் மோசம், ரத்தம் ரொம்ப இளகிப் போய் எங்கயாவது கசிய ஆரம்பிச்சிரும். டாக்டர் கிட்ட மாத்திரை லிஸ்ட் சொல்லும்போது யாராவது தைலத்தை சொல்றோமா? அது மருந்து கணக்குலயே நமக்கு வராது.

கற்பூரத் தைலம் பத்தி ஒரு வார்த்தை. தேங்காண்ணெய காய்ச்சி அடுப்புல இருந்து இறக்கி வச்சு, சூடு தணிஞ்ச பிறகு கற்பூரத்தைப் போடணும், அடுப்பு எரியும்போதே போட்டா குப்புன்னு பிடிச்சுக்கும். கைக்குழந்தைக்கு சளின்னு மூக்குக்கு கீழ தடவவே கூடாது.

அடுத்தது கிராம்பு எண்ணெய். இது நான் பட்டது. ராத்திரி ஒரு மணிக்கு கடவாப்பல் உயிர் போற வலி, வீட்ல இருந்த கிராம்பு எண்ணெய்ய பஞ்சுல நனைச்சேன்னு கூட சொல்ல முடியாது, முக்கி எடுத்து பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவுல அமுக்கி வச்சுட்டு தூங்கிட்டேன். காலைல எந்திரிச்சா வலி இல்ல, ஆனா கன்னத்தோட உள்பக்கம் வெள்ளையா வெந்து தோல் உரிஞ்சு தொங்குது, நாலு நாள் ரசம் சாதம் கூட சாப்பிட முடியல. அதுல இருக்கிற யூஜெனால்தான் நரம்ப மரத்துப் போக வைக்குது, பல் டாக்டருங்களே அதை ஜிங்க் ஆக்ஸைடோட குழைச்சு தற்காலிகமா அடைக்க வைப்பாங்க, ஆனா சுத்தமான யூஜெனால் ஈறுல பட்டா சதையவே பொசுக்கிரும். ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய்ய ஏழெட்டு சொட்டு தேங்காண்ணெயோட கலந்து, பஞ்சு நுனில தொட்டு, பல்லுல மட்டும் வச்சு கொஞ்ச நேரத்துல எடுத்துரணும். வலி போச்சுன்னு பல் டாக்டர் கிட்ட போகாம விட்டதுதான் என்னோட ரெண்டாவது தப்பு, உள்ள சொத்தை பாட்டுக்கு வேலைய பாத்துட்டே இருந்துச்சு, கடைசில ரூட் கெனால்.

வலிய மறைக்கிறதுல ரொம்ப பயங்கரமானது நெஞ்சு வலி. நெஞ்சு அடைக்குது, இடது கை இழுக்குது, தாடை வலிக்குது, வேர்த்து ஊத்துது, வீட்ல என்ன சொல்வாங்க, வாயுப்பிடிப்பு, கொஞ்சம் தைலம் தேச்சு ஓமத்தண்ணி குடுன்னு. அந்த அரை மணி நேரம் வீணாப் போகுது பாருங்க, அதைத் திருப்பி வாங்க முடியாது. 108க்கு ஃபோன் பண்ணுங்க.

மிளகாய் மேட்டர் சுவாரஸ்யமானது. மிளகாய் நறுக்குன கை எரியுதே, அதுக்குக் காரணம் கேப்சைசின். நரம்பு நுனில சூட்டை உணர்ற டிஆர்பிவி1ன்னு ஒரு ரிசப்டர் இருக்கு, கேப்சைசின் போய் அதைத் தட்டி விட்டா மூளைக்கு 'சுடுது'ன்னு தகவல் போகும், நிஜத்துல சூடே கிடையாது. இதைக் கண்டுபிடிச்ச டேவிட் ஜூலியஸுக்கு 2021ல நோபல் பரிசு. திரும்பத் திரும்ப தட்டிட்டே இருந்தா அந்த நரம்பு சலிச்சுப் போய் வலியையும் சொல்றதை நிறுத்திக்கும், அதனாலதான் அக்கி வந்து போன இடத்துல மாசக்கணக்கா நிக்கிற நரம்பு வலிக்கு கேப்சைசின் கிரீம் எழுதித் தர்றாங்க. நம்மாளு என்ன பண்றாருன்னா ஒரு நாள் தடவிட்டு எரியுதுன்னு தூக்கிப் போட்டுடுறாரு. தினம் மூணு நாலு வேளை, சில வாரம் விடாம தடவுனாதான் அது வேலை செய்யும். தடவுன கையோட கண்ணைத் தொடாதீங்க, வெறும் தண்ணில கழுவுனா போகாது, எண்ணெய் தொட்டுத் துடைச்சுட்டு சோப்பு போடுங்க. வீட்டு மிளகாய அரைச்சு முட்டில பத்து போடுற வீடியோ எல்லாம் பாத்தேன், சாமி, கொப்புளம்தான் மிச்சம்.

மஞ்சளுக்கு வருவோம். மஞ்சளோட முக்கியமான சத்து குர்குமின், மஞ்சப்பொடில அது சுமார் 3 சதவீதம்தான், அதுவும் ரத்தத்துல சரியா ஏறாது, அதனால பால்ல ஒரு சிட்டிகை போட்டுக் குடிக்கிறதுல யாருக்கும் ஒண்ணும் ஆகப் போறதில்ல, வலி பெருசா போகப் போறதும் இல்ல. 1998ல பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மெடிக்கல் காலேஜ்ல 2 கிராம் குர்குமினோட மிளகுல இருக்கிற பைப்பரின் 20 மில்லிகிராம் சேத்துக் குடுத்தாங்க, ரத்தத்துல ஏறுறது 20 மடங்கு ஆச்சு. அதைப் பிடிச்சுக்கிட்டு வந்ததுதான் இப்ப விக்கிற மாத்திரைகள். பாட்டி குடுத்த மஞ்சப்பாலும் இந்த மாத்திரையும் ஒண்ணுன்னு நினைக்கிறதுதான் இங்க தப்பு. இப்படிப்பட்ட மாத்திரை சாப்பிட்டு லிவர் பாதிச்ச கேஸ்கள் அமெரிக்காலயும் இத்தாலியிலயும் பதிவாகியிருக்கு. பைப்பரின் மஞ்சளை மட்டும் ஏத்தி விடாது, வலிப்புக்கு சாப்பிடுற ஃபெனிட்டாயின் மாதிரி மருந்துகளையும் சேத்தே ஏத்தும். கண்ணு மஞ்சளாகி யூரின் கலர் மாறுச்சுன்னா அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

எல்லாத்தையும் விட எனக்கு கோவம் வர்றது பேர் இல்லாத சூரணத்து மேலதான். எங்க பெரியம்மாவுக்கு பத்து வருஷமா முட்டி வலி. யாரோ சொன்னாங்கன்னு ஒரு இடத்துல இருந்து பொட்டலம் வாங்கிட்டு வந்தாங்க, மேல ஒரு எழுத்து கிடையாது, என்ன மூலிகைன்னு கேட்டா குடும்ப ரகசியமாம். ரெண்டே நாள்ல வலி போச்சு, நாலு மாசம் ஒரே புகழ்ச்சி. அப்புறம் பாத்தா முகம் பூரி மாதிரி உப்பிருச்சு, சுகர் 300ஐத் தாண்டிருச்சு. டாக்டர் வேற எதையும் விசாரிக்கல, வலி போறதுக்கு எத்தனை நாள் ஆச்சுன்னு மட்டும் கேட்டாரு. பத்து வருஷ முட்டி வலிய எந்தச் செடியும் ரெண்டு நாள்ல அடக்காது, மூட்டு வலிக்குக் குடுக்கிற குங்கிலியப் பிசினுக்கே வாரக்கணக்கு ஆகும், அதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்னாரு. சந்தேகம் வந்ததும் பயந்து போய் சூரணத்தை சாக்கடைல கொட்டப் போனாங்க பெரியம்மா, அதையும் தடுத்தாரு. மாசக்கணக்கா வெளிய இருந்து ஸ்டீராய்டு போன உடம்பு, தானா ஸ்டீராய்டு சுரக்கிறதை நிறுத்தியிருக்கும், திடீர்னு விட்டா மயங்கி விழுந்துருவாங்க, அவர்தான் அளவா மாத்திரை குடுத்து கொஞ்சம் கொஞ்சமா குறைச்சாரு, அதுக்கே மூணு மாசம் ஆச்சு.

இப்ப முட்டி பழையபடி வலிக்குது. பிசியோதெரபி போறாங்க, வாரம் ஒருக்கா நான் முடக்கத்தான் தோசை சுட்டுத் தர்றேன். வலி அப்படியேதான் இருக்குன்றாங்க, இன்னும் ரெண்டு ஊத்துன்றாங்க.